கரும்பு விவசாயியைக் கைதூக்கி விடுவது எப்படி?

கரும்பு விவசாயியை வாழவைக்க வேண்டும், சர்க்கரைத் தொழிலை மீட்க வேண்டும் என்று திடீரென்று தோன்றினால் பதற வேண்டாம். பொறுப்பில் இருக்கிற எல்லோருக்கும் தை பிறக்கும்போது அப்படித் தோன்றும். முழுக் கரும்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுங்கள். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுப்பது கடித்துத் தின்கிற செங்கரும்பு. ஆலைக்குப் போவது வேறு ரகம். படம் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் பள்ளிப்பட்டில் ஆலை தரும் வெட்டு ஆணைக்குக் காத்திருப்பார்கள்.

அந்த வெட்டு ஆணைதான் உங்கள் முதல் கருவி. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கரும்பு திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் பதிவாகிறது. பெயர்தான் திருத்தணி, ஆலை திருவாலங்காட்டில். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த ஊர், விவசாயி காலால் நடப்பதெல்லாம் அங்கே ஒரு செய்தியா? ஆணையைத் தள்ளிப்போடுங்கள். முற்றிய கரும்பு பூக்கும், உள்ளே நெட்டி விழும், எடை இறங்கும். வெட்டியது ஆலை வாசலில் லாரியிலேயே காய்ந்தால் இன்னும் இறங்கும். எடைமேடை பொய் சொல்லாது, ஏன் குறைந்தது என்றும் சொல்லாது. வெட்டுக்கூலி, மேஸ்திரிக்குத் தனியாக, லாரிக்கு மாமூல் எல்லாம் விவசாயி பார்த்துக்கொள்வார். குறுக்கே போகாதீர்கள்.

விலைக்கு வருவோம். 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்தது டன்னுக்கு 3,550 ரூபாய். மேடையில் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கான விலை, அதாவது கரும்பின் எடையில் அவ்வளவு சர்க்கரை கிடைத்தால். 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் 3,290 ரூபாய் 50 காசு. கட்டுமானத்தைக் கணக்கிடுவது ஆலை முழுமைக்கும் சேர்த்து. ஓய்ந்துபோன இயந்திரம் சக்கையிலேயே சாற்றை விட்டாலும் அடி விழுவது கரும்புக்காரரின் விலையில்தான். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஏன் இன்னும் சிலை வைக்கவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று. 2024-25 பருவத்தில் மாநில அரசு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ஆக்கியது. 2021 தேர்தல் வாக்குறுதி 4,000 ஆயிற்றே என்று யாராவது எழுந்தால் உடனே கோயம்புத்தூருக்குத் தாவுங்கள்: 1912-ல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும், காட்டுக்கரும்போடு கலந்து 1918-ல் வந்த கோ 205 ரகம், அதனால் செழித்த வட இந்தியா. பெருமை டன்னுக்கு என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

பட்டுவாடாவில்தான் பலர் சறுக்குகிறார்கள். கரும்பு கொடுத்த 14 நாளில் பணம், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்கிறது 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. நல்ல வாசகம். கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலை அலுவலகத்தில் மாட்டுங்கள். நிலுவையைக் கேட்டு வருபவரை முத்தரப்புக் கூட்டத்துக்கு அழையுங்கள். கூட்டத் தேதியைப் பிறகு சொல்வதாகச் சொல்லுங்கள். அதுவரை உரக்கடைக்காரரும் நகை அடகு பிடித்தவரும் அவரைத் தனியாக விட்டுவிட மாட்டார்கள். அவர்கள் வட்டியை மறப்பதில்லை.

பக்கத்திலேயே சித்தூர், வெல்லத்துக்குப் பெயர்போன சீமை. கையில் ரொக்கம் வைப்பவருக்குக் கரும்பைத் தள்ளிவிடலாமா என்று ஒருவர் யோசித்தால் ‘பதிவு செய்த கரும்பு’ என்று நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவு அவரைத்தான் கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் மறுதாம்பை உழுதுவிட்டு நெல்லோ மாங்கன்றோ வைத்துவிடுவார்கள். ஆலைக்கு அரவைக் கரும்பு போதாமல் போகும். நஷ்டத்துக்குக் காரணம் கரும்புப் பற்றாக்குறை என்று அறிக்கை கொடுங்கள். பற்றாக்குறைக்குக் காரணம் காண ஒரு குழு போடுங்கள். கரும்பு போட்டவர் யாரும் அதில் வேண்டாம், அவர்களுக்குக் காரணம் முன்பே தெரியும். கூட்டத்தைச் சென்னையில் வையுங்கள். உறுப்பினர்களின் பயணப்படியை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பாவம், அவர்கள் என்ன கடன் வாங்கியா வருவார்கள்?