முதல்ல வாலுக்கு வெளக்கு, மருமவனே!

மருமவனே, சைக்கிளுக்கு வெளக்கு வாங்கப் போறேண்ணு ஒனக்க அம்மை சொன்னா. கொள்ளாம். அம்பூரியிலேருந்து வெள்ளறடைக்கு ராத்திரி சைக்கிள் சவிட்டுதவன் திடீருண்ணு வெளக்கு தேடுதாண்ணா, ஒண்ணு புத்தி வந்திருக்கணும், இல்லேண்ணா எங்கயாவது போய் முட்டியிருக்கணும். எது ஆனாலும் மாமனுக்கு சந்தோசம். நீ ஃபோனுல காட்டித் தந்த சாதனத்தையும் பாத்தேன். 1200 லூமன், அஞ்சு விதம் மின்னல், மூணு கண்ணு, போதாததுக்கு ஒரு ஹாரனும். கொறை சொல்ல ஒண்ணுமில்ல. சைக்கிள் சவிட்ட மடி வந்தா கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு விடலாம். முதலு திரும்பக் கிட்டும்.

"பொறத்தால என்ன வைக்கப் போறே?"ண்ணு கேட்டேன். "அது பாத்துக்கிடலாம் மாமா"ண்ணு சொன்னே. பாத்துக்கிட வேண்டியது நீ இல்ல பிள்ளே, பொறத்தால வாற டிப்பர்க்காரன்.

முன்னால உள்ள வெட்டம் ஒனக்க கண்ணுக்கு. பொறத்தால உள்ளது ஊரான் கண்ணுக்கு. நம்ம ஆளு சொந்தக் கண்ணுக்கு ஆயிரம் ரூவா செலவாக்குவான். ஊரான் கண்ணுக்கு அம்பது ரூவா எடுக்கச் சொன்னா கை நடுங்கும். உயிரை அந்த ஊரான் கையில கொடுத்திட்டுத்தான் ரோட்டுல எறங்குதோம்ங்கது மட்டும் ஓர்மை வராது.

இது ஒனக்க தலைமுறைக் குத்தம் மட்டும் இல்ல. எங்க காலத்து டைனமோவைப் பாரு. 6 வோல்ட்டு, 3 வாட்டு. அதுல 2.4 வாட்டு முன்னால, 0.6 வாட்டு பொறத்தால. அந்தப் பொடிப் பங்கும் பாதி சைக்கிள்ல எரியாது. வயரு அறுந்து தொங்கும். சவிட்டுதவன் திரும்பிப் பாத்தாத்தானே தெரியும்? ஆனா டைனமோவுக்கு நியாயம் உண்டு, கேட்டியா. அது கரண்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும். பொறத்தால உள்ள பல்பு வாங்காம விட்ட பங்கையும் முன்னால உள்ள பல்புதான் குடிக்கணும். எறக்கத்துல வேகம் கூடும், பல்பு ஒரு மினுங்கு மினுங்கும், பொறவு "டப்". கும்மிருட்டு, எதிர்ல வளவு. பொறத்தால உள்ளவனை மறந்தவனுக்கு முன்னாலயும் இருட்டுண்ணு டைனமோ அண்ணே சொல்லித் தந்தது. நாம படிக்கல்ல.

அதுக்கும் முன்னால மண்ணெண்ணெ வெளக்கு. கார்பைடு வெளக்குண்ணு ஒண்ணும் உண்டு: கார்பைடு கல்லுல தண்ணி சொட்டும், அசட்டிலின் வாயு வரும், அது எரியும், நாத்தம் நாலு வீட்டுக்கு அடிக்கும். வெளக்கில்லாம ராத்திரி சைக்கிள்ல போனா போலீசு பிடிக்கும். டபிள்ஸ் போனாலும் பிடிக்கும். பிடிச்சா எல்லாவனுக்கும் ஒரே பதில்தான்: "இப்பம்தான் ஏமானே காத்துல அணைஞ்சு போச்சு." ஏமான் வெளக்கைத் தொட்டுப் பாப்பாரு. தகரம் சூடா இருந்தா வீடு, ஜில்லுண்ணு இருந்தா ஸ்டேசன். ஆளுவ வெளக்கு வாங்கினது வழி பாக்க இல்ல, ஏமானுக்குக் காட்ட. காட்டுததுக்கு வாங்குத அந்தப் பழக்கம்தான் இப்பம் ஒனக்க 1200 லூமன்ல வந்து நிக்குது.

அப்பம் வெளக்கில்லாமலும் ஆளு தப்பிச்சான்ண்ணா காரணம் உண்டு. ரோடு முழுக்கக் குழி. ஜீப்பு ஊந்துதான் வரும். இப்பம் மலையோர ஹைவேண்ணு பாறசாலையிலேருந்து குடப்பனமூடு வரைக்கும் ரோட்டை வீதி கூட்டி மெழுகி வச்சாச்சு. குழிக்குச் சாபம் போட்ட வாயாலயே இனி குழி வேணும்ண்ணு நேர்ச்சை நேரணும். கணக்குப் போட்டுப் பாரு. வண்டிக்கு வேகம் 54 கிலோமீட்டர், ஒனக்கு 18. வித்தியாசம் 36. அதாவது, ஒரு நொடிக்கு 10 மீட்டர் வீதம் அவன் ஒனக்க முதுகுக்குக் கிட்ட வாறான். 200 மீட்டர் தள்ளியே செவப்பு வெட்டத்தைக் கண்டாண்ணா அவனுக்கு 20 நொடி கிட்டும். ஒரு பீடியைப் பத்த வச்சிட்டு ஒதுங்கிப் போலாம். 20 மீட்டர்ல ஒனக்க கைலியைக் கண்டாண்ணா 2 நொடி. "இது என்ன எளவு"ண்ணு யோசிக்கவே அதுல பாதி போயிரும்.

இந்த இருட்டுக்கு எல்லையும் கெடையாது. 1956 நவம்பர் 1-ல மாநில எல்லைக் கோடு கிழிச்சு விளவங்கோட்டை அங்கயும் நெய்யாற்றங்கரையை இங்கயும் ஆக்கினாங்க. பனச்சமூட்டுல ஒரு காலைக் கேரளத்திலயும் ஒரு காலைத் தமிழ்நாட்டிலயும் வச்சு நிக்கலாம். இருட்டை மட்டும் ரெண்டாப் பிரிக்க எந்தக் கமிஷனாலயும் முடியல்ல. ஆறுகாணியில இடிச்சாலும் அம்பூரியில இடிச்சாலும் ஒடியுத எலும்பு ஒண்ணுதான்.

அதனால முதல்ல வாலுக்கு வாங்கு. செவப்புதான், வேற நிறம் வேண்டாம். வெள்ளையைப் பொறத்தால வச்சா, நீ எதிர்ல வாறேண்ணு வண்டிக்காரன் நினைப்பான். நேரே பொறத்தால மட்டும் இல்லாம பக்கவாட்டிலயும் தெரியணும். நம்ம ரோட்டுல நேரா உள்ள எடத்தைத் தேடித்தான் பிடிக்கணும். பொறவு, எங்க வைக்கப் போறே? கடைக்காரன் சீட்டுக் கம்பியில மாட்டித் தருவான். நீ அடுத்த நாளே கேரியர்ல ரப்பர் ஷீட்டுக் கட்டோ மரச்சீனிச் சாக்கோ ஏத்தக்குலையோ வச்சுக் கெட்டுவே. வெளக்கு ராத்திரி முழுக்க எரிஞ்சு மரச்சீனிக்கு வெட்டம் காட்டும். கேரியருக்க கடைசிக் கம்பியில வை, இல்லேண்ணா மட்கார்டுல வை. மட்கார்டு கடைசியில ஒரு சாண் வெள்ளைப் பெயிண்டும் ஒரு செவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கட்டும். ரிஃப்ளெக்டர் பேட்டரி கேக்காது, சார்ஜ் கேக்காது. ஆனா வாற வண்டிக்கு வெளக்கு இருந்தாத்தான் அது மினுங்கும். வெளக்கில்லாத வண்டியும் நம்ம ஊர்ல ஓடும்ங்கது ஒனக்குத் தெரியாதா?

மின்னணுமா, நின்னு எரியணுமா? இதுல வலிய நாடுகளுக்கே ஒத்துப் போகல்ல. ஜெர்மனியில சைக்கிள் வெளக்கு மின்னக்கூடாது, சட்டம். பிரிட்டன்ல 2005-லேருந்து மின்னலாம், நிமிசத்துக்கு 60-லேருந்து 240 தடவைக்குள்ள. மாமனுக்க தீர்ப்பு: பகல்ல மின்னட்டும், ராத்திரி நின்னு எரியட்டும். மின்னுத வெட்டம் "இங்க என்னவோ உண்டு"ண்ணு சொல்லும்; எம்புட்டு தூரத்துல, எந்தப் பக்கமாப் போகுதுண்ணு தெளிவாச் சொல்லாது. மின்னாம ஒனக்கு உறக்கம் வராதுண்ணா ரெண்டு வாங்கு. ஒண்ணு நின்னு எரியட்டும், ஒண்ணு மினுங்கட்டும். ஒண்ணு செத்தா மத்தது உண்டு.

மாமன் வாயனசாலைக்குப் போறது உறங்கண்ணு ஒனக்க அம்மை சொல்லுவா. உறக்கத்துக்கு இடையில கொறச்சு வாசிக்கவும் செய்வேன். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரங்க, ராத்திரி காரோட்டுதவனுக்கு சைக்கிள்காரன் கண்ணுல படுதானாண்ணு சோதிச்சாங்க. கறுப்புச் சட்டைக்காரனை 100-க்கு 2 தடவைதான் கண்டுபிடிச்சான். வெட்டம் பட்டா மினுங்குத மேல்சட்டை போட்டவனை 50 தடவை. அதோட முட்டுலயும் கணுக்காலுலயும் மினுங்குத நாடா கெட்டினவனை 90 தடவை. காலு மேலயும் கீழயும் போகுமில்லியா? அந்த ஆட்டத்தைக் கண்டதும் இது மனுசன்ண்ணு மூளைக்குப் புரிஞ்சு போகும். நீ கறுப்பு டீ-சர்ட்டுல போறே. அந்த ரெண்டுல ஒண்ணு நமக்கு உள்ளதுண்ணு நம்பிப் போறே. நல்ல விசுவாசம், குரிசுமலை ஏறுததுக்கு ஆகும்.

டென்மார்க்குல ஓடென்சே பட்டணத்துல 2004-05-ல 3845 சைக்கிள்காரங்களை வச்சு ஒரு வருசம் பாத்தாங்க. ஒரு கூட்டத்துக்குப் பகலும் ராவும் அணையாத வெளக்கு. அந்தக் கூட்டத்துல ஆளுக்கு அடிபடுத விபத்து 19 சதவீதம் கொறஞ்சுது. அதனால அந்தியிலயும் வெளுப்பாங்காலத்துலயும் "இன்னும் நல்லா இருட்டல்லியே"ண்ணு பேட்டரியை மிச்சம் பிடிக்காதே. மிச்சம் பிடிச்ச பேட்டரியைப் பெட்டிக்குள்ள கூட வச்சு அனுப்ப மாட்டாங்க.

செரி, இனி முன்னால. லூமன், லூமன்ண்ணு சாடுதே. ஒரு மெழுவத்தி ஏறக்குறைய 12 லூமன். பழைய 60 வாட்டு குண்டு பல்பு 700 சொச்சம். வெளக்கு மொத்தமா எம்புட்டு வெட்டம் கக்குதுங்கதுதான் லூமன். விழுந்த எடத்துல எம்புட்டு விழுந்துதுங்கது லக்ஸ். லூமனை மட்டும் பாத்து வாங்குதது, ஒரு மூட்டை உரம் போட்டேன்ண்ணு பெருமை பேசிட்டு வாழை மூட்டுல எவ்வளவு விழுந்துதுண்ணு பாக்காம இருக்குதது மாதிரி. ஒனக்க 1200-ல பாதி ரப்பர் மரத்துக்க உச்சிக்குப் போகும். வாவலுக்கு உபகாரம். நல்ல வெளக்குக்க வெட்டத்துக்கு மேல்பக்கம் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டி ஏறாது. ஜெர்மன்காரன் இதையும் சட்டமாக்கி வச்சிருக்கான்: 10 மீட்டர் தள்ளி கொறஞ்சது 10 லக்ஸ் வேணும், எதிர்ல வாறவன் கண்ணு கூசவும் கூடாது. நம்ம தோட்டத்து இருட்டுக்கு, நேர்மையான 300, 400 லூமன் கீழ பாத்து விழுந்தா தாராளம். தெருவெளக்கு எரியுத சந்தையில 100 போதும்.

சமதளத்துல 18-ல போனா நொடிக்கு 5 மீட்டர். 10 மீட்டர் வெட்டத்துல ரெண்டு நொடி உண்டு. எறக்கத்துல 36-க்கு விட்டா ஒரே நொடி. காட்டுப்பன்னி குட்டியோட நிக்குததைக் கண்டு நீ வாயைத் தொறக்கும்போ அதுக்க முதுகுல இருப்பே. பன்னி வெளக்கு வைக்காது. வைக்கச் சொல்லி அதுக்கு உபதேசம் பண்ண மாமனாலயும் முடியாது. வெட்டம் எத்துத தூரத்துக்கு ஏத்த வேகத்துல போ. வெட்டத்தைக் கூட்ட பைசா வேணும்; பிரேக்கு பிடிக்க ஓசி.

சாய்வு வைக்கவும் படி. வீட்டு மதிலுக்கு 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்து. வெளக்கு தரையிலேருந்து 1 மீட்டர் உயரம்ண்ணா, வெட்டத்துக்க நடு மதில்ல அரை மீட்டர் உயரத்துல விழணும். அப்பம் ரோட்டுல 10 மீட்டர்ல வந்து விழும். அதுக்கு மேல நிமித்தி வச்சா ஜீப்புக்காரனுக்க கண்ணுல அடிக்கும். ஒருத்தனைக் குருடனாக்கி, அவன் கையில ஸ்டியரிங்கும் இருக்கும்போ, அவனுக்கு நேரே சைக்கிள் விடுத தைரியம் ஒனக்கு எங்கேருந்து வந்துதுண்ணு எனக்குத் தெரியும். ஒனக்க அப்பன் வழி.

பால் வெட்டப் போறவன் நெத்தியில கெட்டுத வெளக்கே போதும்ண்ணு சித்தப்பன் சொல்லுவான். வெளுக்குததுக்கு முன்னால மரத்துல பால் நல்லா ஓடும். கத்தி பிடிக்குதவனுக்கு ரெண்டு கையும் ஒழிஞ்சிருக்கணும். அதுக்கு உள்ளது அது. அதோட ரோட்டுல வந்தா, நீ யாரைப் பாக்குதியோ அவன் கண்ணுல அடிக்கும். மரியாதைக்குத் திரும்பி "சுகமா?"ண்ணு கேட்டாலும் அவன் கண்ணைப் பொத்திக்கிட்டு ஒனக்க அப்பனை விளிப்பான்.

பேட்டரிக்கு வா. ஒரு வக உருளை பேட்டரிக்கு 18650ண்ணு பேரு: 18 மில்லிமீட்டர் வண்ணம், 65 மில்லிமீட்டர் நீளம். அதுல உண்மையாக் கொள்ளுதது 3000, மிஞ்சிப் போனா 3500 சொச்சம் மில்லி ஆம்பியர் மணி. மேல 9900ண்ணு அச்சடிச்சிருந்தா எடுத்த எடத்துலயே வை. பொய்க்கும் ஒரு நாணம் வேணும். 3000-த்தை 3.7 வோல்ட்டால பெருக்கினா 11 வாட்டு மணி. 3 வாட்டுல எரிஞ்சா மூணரை மணிக்கூறு. 1200 லூமன் உண்மையிலயே எரியணும்ண்ணா 10 வாட்டாவது தின்னும். ஒரு மணிக்கூறுல அடங்கும், மிச்ச வழிக்கு நிலா இருக்கணும்.

மழையும் உண்டு. எடவப்பாதி ஒண்ணு, ஐப்பசி ஒண்ணு, இடையில சும்மா பெய்யுதது பத்து. பெட்டியில ஐ.பி.எக்ஸ். 4ண்ணு எழுதியிருந்தா எந்தப் பக்கம் தண்ணி தெறிச்சாலும் தாங்கும்; 7ண்ணா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிசம் கெடக்கும். சார்ஜ் குத்துத ஓட்டைக்கு மூடி இறுக்கமா இருக்காண்ணு பாரு. ரப்பர் வெளையுத ஊருல ரப்பர் மூடி இல்லாம வெளக்கு நனைஞ்சுதுண்ணா நமக்கு நாணக்கேடு. டைனமோவே மதியாகும்ண்ணா, சார்ஜ் செலவு இல்லதான். ஆனா டயரு நனைஞ்சா உருளை வழுக்கும், ஏத்தத்துல மங்கும், நின்னா அணையும். மூணுமே நம்ம ரோட்டுல தினமும் நடக்குத காரியம்.

வாங்கினதும் நம்ம ஊர்ல யாரும் செய்யாத ஒண்ணைச் செய். இருட்டுன பொறவு சைக்கிளை ரோட்டோரம் ஸ்டாண்டு போட்டு, ரெண்டு வெளக்கையும் எரிய விட்டு, கேரியர்ல சாக்கையும் வச்சு, நீ மட்டும் 100 தப்படி பொறத்தால நடந்து போய்த் திரும்பிப் பாரு. டிப்பர்க்காரன் காணுதது அதுதான். பொறவு எதிர்ப்பக்கம் போய்ப் பாரு. ஜீப்புக்காரன் காணுதது அது. கண்ணு கூசிச்சுண்ணா, அவன் திட்டுததை நீயே ஒனக்குத் திட்டிக்கிட்டு வெளக்கைக் கீழ சாய்ச்சு வை. அந்நேரம் சைக்கிளுக்குக் காவலா ஒரு ஆளையும் நிறுத்து. வெளக்கு நல்லாத் தெரிஞ்சா கள்ளனுக்கும் தெரியும்.

கடைக்குப் போறப்பம் வரிசை ஓர்மையில இருக்கட்டும்: முதல்ல வாலு, பொறவு காலு, மிச்சம் உள்ள பைசா முன்னால. கடைக்காரன் சிரிப்பான், வாலு வெளக்கை அவன் இதுவரை ஓசியாத்தான் தள்ளி விட்டிருப்பான். சிரிக்கட்டும், நீ நல்லதாப் பாத்து எடு. மாமன் சொல்லி விட்டதுண்ணு மட்டும் வாய் தவறியும் சொல்லிராதே. அங்க எனக்க பேருல ஒரு டயருக்க பாக்கி கெடக்கு.