பாதி வழியில் நிற்கும் ரயில்

கேள்வி: வீட்டில் போட்டிருக்கும் மாடல் ரயில், கன்ட்ரோலரை விட்டுத் தள்ளிப் போனதும் வேகம் குறைந்து ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. இன்ஜினை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், தாணே

பதில்: இன்ஜின்மேல் பழி போடாதீர்கள், தண்டவாளத்தை விசாரியுங்கள்! மின்சாரம் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அழுக்குப் படிந்தாலோ, இணைப்புத் தகடு தளர்ந்தாலோ வோல்டேஜ் இறங்கிவிடும். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அப்படியும் நின்றால், கன்ட்ரோலரிலிருந்து அந்த இடத்துக்குத் தனியாக இரண்டு ஒயர் இழுத்து, இடது வலது மாறாமல் சால்டர் செய்யுங்கள். 1853 ஏப்ரல் 16இல் போரிபந்தரிலிருந்து 14 பெட்டிகளோடு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்ததே உங்கள் ஊருக்குத்தான். அதற்கு 3 இன்ஜின்கள் தேவைப்பட்டன; உங்களுக்கு 2 ஒயர் போதும்!