வேலிப் பொட்டும் மூன்றாம் நாயும்: வன்னியின் நாய்ச்சண்டைகள் குறித்து ஓர் ஆய்வு

வன்னியைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களுக்கென்று ஒரு கையேடே எழுதிவைத்துவிட்டுப் போனார். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது, இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டு, வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் கிளிநொச்சியிலிருந்து செட்டிகுளம்வரை எல்லா ஊரிலும் நடப்பதும், பக்கத்துப் பக்கத்து வீட்டாரை வருடக்கணக்கில் பேசாமல் வைத்திருப்பதுமான நாய்ச்சண்டையை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை தன்னால் இயன்ற மட்டும் தீர்க்க முயல்கிறது.

முதலில் ஆய்வின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நாய்ச்சண்டைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் நாய்கள் ஈடுபடுகின்றன. அது பெரும்பாலும் ஒரு வாளி தண்ணீரோடு முடிந்துவிடும். இரண்டாங்கட்டத்தில் வளர்ப்பவர்கள் ஈடுபடுகிறார்கள். அதற்கு எத்தனை வாளி வேண்டுமென்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை. இந்த ஆய்வு இரண்டாங்கட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டம் சூடேறும்போது சம்பந்தப்பட்ட நாய்கள் இரண்டும் ஒரே மணல் கும்பியில் படுத்துக் காயத்தை நக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. அவற்றிடம் வாக்குமூலம் எடுக்கும் வழக்கம் இலங்கைச் சட்டத்தில் இல்லை.

களம் எது என்றால், வேலி. வன்னியின் குடியேற்றத் திட்ட ஊர்களில் காணி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று தாராளமாக இருக்கும். பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கொடுக்கப்பட்டவை. சுற்றிவரக் கிளுவையோ பூவரசோ கதியாலாக நிற்கும், இடையில் முள்ளுக்கம்பி ஓடும், வசதிப்பட்டால் கிடுகு கட்டியிருக்கும். எப்படி அடைத்தாலும் ஓரிடத்தில் பொட்டு விழும். முதலில் கோழி போகும், பிறகு பிள்ளைகள் போவார்கள், பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் கறிக்கிண்ணத்தோடு குனிந்து போய்வருவார்கள். படலை விருந்தாளிக்கு, பொட்டு சொந்தக்காரருக்கு. நாய்க்கு இந்த வேறுபாடு தெரியாது. அது இரண்டையும் தன்னுடைய உரிமை என்றே நினைக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சேர்க்கவேண்டும். போர் முடிந்து செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் பற்றையாகிக் கிடந்த காணிக்குள் பழைய கதியால்களைத் தேடித்தான் எல்லை பிடித்தார்கள். கதியால் தளிர்த்து நின்ற இடத்தில் சிக்கலில்லை. பட்டுப்போன இடத்தில் ஒரு முழம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி அப்படியே மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அதைக் கிளறி எடுக்க ஏதாவதொன்று தேவைப்பட்டது. நாய்க்குக் கிளறுவதில் பயிற்சி உண்டு.

இனி இரண்டாங்கட்டத்தின் ஒழுங்கு. வசதிக்காக வீடுகளை மேற்குக் காணி, கிழக்குக் காணி என்றும், நாய்களை ரைகர், ஜிம்மி என்றும் வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம் எந்த ஊரிலும் மாறுவதில்லை: "எங்கட ரைகர் தன்ர பாட்டில படலைக்குள்ள படுத்துக்கிடந்தது." எதிர்வாக்கியமும் மாறுவதில்லை: "எங்கட ஜிம்மி ஒருத்தரையும் கடியாது." இரண்டும் உண்மையென்றால் ரைகரின் காது எப்படிக் கிழிந்தது என்பதற்கு விஞ்ஞான விளக்கம் இல்லை. அடுத்ததாக, "நீங்கள் பொட்டை அடைச்சிருந்தா இது நடக்குமோ?" என்ற கேள்வி வரும். பொட்டு வந்தவுடன் வேலி வரும். வேலி வந்தவுடன் அந்த ஒரு முழம் வரும். அதற்குப் பிறகு, எப்போதோ நடந்த கலியாணவீட்டில் ஆர் ஆரைச் சபைக்கு அழைக்கவில்லை என்பது வரும். இந்த இடத்தில் நாய்கள் வழக்கிலிருந்து முற்றாக விடுவிக்கப்படுகின்றன.

இது வன்னிக்கு மட்டுமே உரிய இயல்பு என்று எவரும் பெருமைப்படவோ வெட்கப்படவோ தேவையில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஜோர்ஜ் பிரௌன், ஜோர்ஜ் கெண்டல் என்ற இருவரின் நாய்கள் அவர்கள் கண்முன்னே சண்டைபிடித்தன. கெண்டல் நாலடி நீளத் தடியொன்றை எடுத்து நாய்களைப் பிரிக்கப் போனார். நாய்கள் நெருங்கி வர, பின்னுக்கு நகர்ந்தபடி தடியை ஓங்கினார். பின்னால் நின்ற பிரௌனின் கண்ணில் அது பட்டுவிட்டது. வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்வரை போனது. தீர்ப்பு வருமுன்னே கெண்டல் காலமாகிவிட்டார். 1850இல் பிரதம நீதியரசர் லெமுவெல் ஷா சொன்னது இது: ஒருவர் நியாயமான ஒரு காரியத்தைச் சாதாரண கவனத்தோடு செய்யும்போது தற்செயலாகக் காயம் ஏற்பட்டால் அவர்மேல் பொறுப்பில்லை, கவனக்குறைவு இருந்தது என்று வழக்காளிதான் காட்டவேண்டும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கவனயீனம் பற்றிய பாடத்தில் இந்த வழக்கு இன்றும் வருகிறது. எந்த நாய் வென்றது என்று மட்டும் தீர்ப்பில் இல்லை. ஆய்வாளருக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

மிசூரி மாநிலத்தில் நடந்தது நாய்ச்சண்டையல்ல, ஆனால் உறவுமுறை வன்னிக்குப் பொருந்தும். 1869இல் லியோனிடஸ் ஹோர்ன்ஸ்பி என்பவரின் காணிப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் சார்ள்ஸ் பேர்டனின் வேட்டைநாய் சுடப்பட்டது. இருவரும் மச்சான்மார். ஹோர்ன்ஸ்பியின் செம்மறிகள் நாய்களால் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாய்க்காக நான்கு தடவை விசாரணை. கடைசியில் 50 டொலர் நட்டஈடு. பேர்டனுக்காக வாதாடிய ஜோர்ஜ் வெஸ்ட் பிறகு செனற்றரானார், நாய்க்கு 1958இல் வாரன்ஸ்பர்க் நகரில் சிலை வைத்தார்கள். மச்சான்மார் பேசிக்கொண்டார்களா என்ற கேள்விக்குச் சிலை பதில் சொல்லாது.

எல்லைப் பிரச்சினை எவ்வளவு தூரம் போகும் என்று அறிய விரும்புவோர் 1925 ஒக்ரோபரைப் பார்க்கலாம். கிரேக்க, பல்கேரிய எல்லையில் ஒரு கிரேக்கச் சிப்பாய் தன் நாயைத் துரத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனதாகவும், சூடு விழுந்ததாகவும் ஒரு கதை. நாய்க் கதையை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, சூடு நடந்ததை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கிரேக்கப் படை பெட்ரிச் நகர்ப் பக்கம் புகுந்தது, பலர் செத்தார்கள், சர்வதேச சங்கம் நடுவில் புகுந்தது. கிரேக்கம் படையைத் திருப்பி எடுத்து 45,000 பவுண் நட்டஈடு கட்டியது. பொட்டை நேரத்தோடு அடைத்திருக்கலாம்.

சட்டத்தின் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் பழையது. இன்றைய ஈராக்கில் இருந்த எஷ்னுன்னா என்ற நகரின் ஏறக்குறைய 3,800 ஆண்டுப் பழைய சட்டத்தில், ஒருவரின் மாடு இன்னொருவரின் மாட்டைக் குத்திக் கொன்றால் உயிருள்ள மாட்டின் விலையையும் செத்த மாட்டின் இறைச்சியையும் இருவரும் சமமாகப் பிரிக்கவேண்டும் என்றிருக்கிறது. ஆர் தொடங்கியது என்ற கேள்வியே இல்லை. மருந்துச் செலவு பாதி பாதி என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தீர்வுக்கு இதைவிட மூத்த முன்னோடி கிடையாது. இறைச்சிப் பகுதி மட்டும் நாய்க்குப் பொருந்தாது.

ரோமாபுரிக்காரர் வேறு வழியில் போனார்கள். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் குவின்ருஸ் முசியுஸ் என்ற சட்ட அறிஞர், இரண்டு கடாவோ இரண்டு மாடோ மோதி ஒன்று செத்தால், செத்தது வலியச் சண்டைக்குப் போனதா என்று பாருங்கள் என்றார். போனது என்றால் வழக்கில்லை, சும்மா நின்றது என்றால் வழக்குண்டு. ரோம சட்டம் ஒல்லாந்துக்குப் போய், ஒல்லாந்தர் கப்பலேறி இலங்கைக்கு வந்து, உரோம டச்சுச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நீதிமன்றங்களில் இருக்கிறது. ஆகவே கிளிநொச்சிக் காணிக்காரர் "ஆர் தொடங்கினது எண்டு கேளுங்கோ" என்று கத்தும்போது அவர் இரண்டாயிரம் ஆண்டு மரபின் வாரிசாகப் பேசுகிறார். அது அவருக்குத் தெரியாதிருப்பது நல்லது, தெரிந்தால் இன்னும் சத்தமாகப் பேசுவார்.

முசியுஸின் விதியில் ஓட்டை என்னவென்றால், முதல் உறுமலை மனிதர் எவரும் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டுத்தான் ஓடிவருகிறார்கள். இராமாயண உத்தர காண்டத்தில் ஒரு நாயே இராமனின் அவைக்கு வந்து தன்னை அடித்தவர்மேல் முறையிடுகிறது. எல்லாளன் தொங்கவிட்ட மணியைக் கன்றை இழந்த பசு இழுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. அந்த வசதிகள் பிற்காலத்தில் நின்றுபோய்விட்டன.

இன்று இருக்கும் படிகள் இவை. முதலில் விதானையார் என்று பழசுகள் இன்றும் அழைக்கும் கிராம அலுவலர். அடுத்தது பொலிஸில் ஒரு என்றி. என்றி போட்டவர் உண்மையில் தீர்வு கேட்பதில்லை, என்றி போட்டதாக அயல் அறிந்தால் போதும். போர்க்காலத்தில் புலிகளின் நீதிமன்றங்களும் இதே ஊர்களில் இயங்கின, காணிப் பிணக்குகள் அங்கேயும் போயின. இப்போது இருப்பது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபை. சனி, ஞாயிறில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூடும். சட்டத்தரணிக்கு அங்கே வேலையில்லை. மத்தியஸ்தர் மூவரில் ஆளுக்கொருவரைப் பிணக்குக்காரர் தெரிவார்கள், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். இளைப்பாறிய அதிபர் ஒருவர் சிறுபிள்ளைக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, "தம்பி, நாய்க்குப் பேர் என்ன?" என்று தொடங்குவார். இந்தக் கேள்வியில் பாதிக் கோபம் போய்விடும். நாயின் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு ஆத்திரத்தைக் காப்பாற்றுவது கடினம்.

வைரவர் கோயிலில் சத்தியம் பண்ணுவோம் என்று சிலர் கேட்பதுண்டு. வைரவரின் வாகனமே நாய் என்பதால் அவருடைய நடுநிலை இங்கே கேள்விக்குரியது.

இனி இந்த ஆய்வின் மையக் கருதுகோள். மனம் ஒத்து முடியும் பிணக்குகளில் பெரும்பாலும் ஒரு மூன்றாம் நாய் கண்டுபிடிக்கப்படுகிறது. மத்தியஸ்தரோ, தேத்தண்ணி கொண்டுவரும் மாமியோ, ஆரோ ஒருவர் மெல்லச் சொல்வார்: "அண்டைக்கு றோட்டால ஒரு செம்மண் நிற நாய் வந்தது, நான் கண்டனான்." இரு தரப்பும் ஒரு நிமிடம் யோசிக்கும். பிறகு மேற்குக் காணிக்காரரே, "ஓம், வாலறுந்த நாய்" என்று சேர்த்துக் கொடுப்பார். ரைகரும் சும்மா கிடந்தது, ஜிம்மியும் கடியாது, இரண்டு வாக்குமூலமும் ஒருசேர உண்மையாகிவிடுகின்றன. முசியுஸுக்கு இது தோன்றவில்லை. உரிமையாளர் இல்லாத நாய்மீது உரோம டச்சுச் சட்டத்தில் வழக்கும் போடமுடியாது. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுச் சட்டத்தின்படி அதற்குப் பதிவும் கிடையாது. 2006இல் அரசு தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தியதால், எந்த றோட்டிலும் மூன்றாம் நாய்க்குத் தட்டுப்பாடும் இல்லை. மிருகவதைத் தடைக்கான 1907ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமைக்கு விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா. அதை வைத்து எவரையும் பயமுறுத்தமுடியாது என்பதால் சமாதானமே மலிவு.

கருதுகோளுக்கு ஒரே எதிரி வைத்தியசாலை. நாய்களைப் பிரிக்கப் போனவர் கையில் கடி வாங்காமல் திரும்புவது அபூர்வம். சண்டையில் நிற்கும் நாய் கழுத்தைப் பிடித்த கையை எதிரியின் பல்லென்றே நினைக்கும். ஆகவே காயத்தை சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, விசர்நாய்க்கடி ஊசிக்காகக் கிளினிக்கில் வந்து நிற்பார். 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் செத்தார்கள். இன்று அந்தத் தொகை பல மடங்கு குறைந்ததற்கு நாய்த் தடுப்பூசியும் இந்த ஊசியும்தான் காரணம். அங்கே தாதி கேட்பார்: "எந்த நாய்? ஊசி போட்டதோ? கட்டிவைச்சுப் பாக்கலாமோ?" செம்மண் நிற, வாலறுந்த றோட்டு நாய் என்று சொன்னால் நாய் கையில் இல்லை, ஆகவே ஊசிகள் முழுவதையும் போட்டே தீரவேண்டும். வளர்ப்பு நாய், தடுப்பூசி போட்டது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்றால் 14 நாள் அவதானிக்கலாம்.

இந்த இடத்தில் மேற்குக் காணிக்காரர் குரலைத் தணித்து உண்மையைச் சொல்கிறார்: "பக்கத்து வீட்டு ஜிம்மிதான், மிஸ்." சபையின் கடதாசியில் உரிமையாளரற்ற நாய், கிளினிக் காட்டில் அயல்வீட்டு நாய். இரண்டு ஆவணமும் இரண்டு வேறு மேசை லாச்சிகளில் கிடப்பதால் முரண்பாடு வெளிவருவதில்லை.

ஆனால் 14 நாளும் ஜிம்மி உயிரோடு, சுகமாக இருக்கிறதா என்று பார்ப்பது கடிபட்டவரின் பொறுப்பு. பேச்சில்லாதவர் எப்படிப் பார்ப்பது? முதல் மூன்று நாளும் மகனை வேலியோரம் அனுப்புகிறார். நாலாம் நாள் ஜிம்மியைக் காணவில்லை. அவர் தானே போய்க் கதியாலைப் பிடித்துக்கொண்டு, "மாமி, ஜிம்மி சாப்பிட்டதோ?" என்று கேட்கவேண்டி வருகிறது. "சாப்பிட்டது, தம்பி. குசினிக்குப் பின்னால படுத்திருக்கு. கை எப்பிடி?" அதற்குப் பிறகு தினமும் விசாரணை. நாள் பதினான்கு என்று வைத்தியசாலை எழுதிக் கொடுத்தாலும் சிலர் இருபது நாள்வரை விசாரிக்கிறார்கள். பத்தாம் நாளளவில் அந்தப் பக்கத்திலிருந்து முருங்கைக்காய் வரத் தொடங்கிவிடுவதே அதற்குக் காரணம் என்று இந்த ஆய்வு கருதுகிறது.