தளபதி பெரியப்பா

அரையாண்டு விடுமுறைக்கு விசாகப்பட்டினம் போகலாம் என்று வீடு முடிவெடுத்தால், மற்றவர்கள் கடலை நினைப்பார்கள். தளபதி பெரியப்பா 1971 பாகிஸ்தான் போரை நினைப்பார். அவர் பட்டாளத்தில் இருந்தவரல்ல. கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இந்த ரகத்தாரில் பாதிப்பேர் பக்தியில் இறங்குகிறார்கள், மீதிப்பேர் ராணுவத்தில். இறங்கியவர்களுக்கு யூடியூப்தான் பயிற்சி முகாம், குடும்பம்தான் படைப்பிரிவு.

முதல் மோதல் தேதியில். பெரியப்பாவுக்கு டிசம்பர் 4 வேண்டும். கராச்சித் துறைமுகத்தை நம் ஏவுகணைப் படகுகள் தாக்கியதன் நினைவாகக் கடற்படை நாள் கொண்டாடப்படும் தேதி. பிள்ளைகளுக்கு அப்போது பரீட்சை நேரம்.

"பரீட்சை வருஷா வருஷம் வரும்."

"நேவி டே மட்டும் வராதாங்க?" என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா கேட்பார்.

தேதி விடுமுறைக்கு நகரும். பெரியப்பா இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டார். தந்திரோபாயப் பின்வாங்கல் என்பார்.

அடுத்தது தங்குமிடம். பதினோரு பேருக்கு நாலு அறையாவது வேண்டும் என்று அத்தை சொன்னால், பதில் தயாராக இருக்கும். "குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் நீளம் 91 மீட்டர். அதுக்குள்ள 75 பேர் இருந்தாங்க. முன்பக்கம் படுத்தவங்க டார்பிடோவுக்குப் பக்கத்துலயே தூங்கினாங்க. உனக்குத் தனி அறை கேக்குதா?" அத்தை வாயை மூடிக்கொள்வார். டார்பிடோ குறட்டை விடாது என்பது அவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றும்.

பிறகு குடும்ப வாட்ஸ்அப்பில் நிகழ்ச்சி நிரல் இறங்கும். காலை 6.00 முதல் 6.20 வரை கடல், அடைப்புக்குறிக்குள் 'பார்க்க மட்டும்'. ராமகிருஷ்ணா கடற்கரையில் இழுவை அதிகம், இறங்கிக் குளிப்பது ஆபத்து என்று காரணமும் இருக்கும். அது உண்மை. இவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மையாக இருந்து தொலைப்பதுதான் நமக்குள்ள சங்கடம். கடலுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியவர், விசாகா அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜப்பான்காரன் போட்ட குண்டு ஒன்றுக்கே நாற்பது நிமிடம் ஒதுக்கியிருப்பார். சிம்மாசலம் கோயில் நிரலிலேயே இருக்காது. அதற்காகப் பெரியம்மா வாதாட மாட்டார். மாலை டிபனை மட்டும் நிறுத்துவார். மறுநாள் திருத்திய நிரலில் நரசிம்மருக்கு அரை நாள் கிடைத்திருக்கும்.

ரயில் கூடூர் தாண்டுவதற்குள் காஸி கதை ஆரம்பமாகிவிடும். எல்லோருக்கும் மனப்பாடமான கதை. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை மூழ்கடிக்கப் பாகிஸ்தான் அனுப்பிய நீர்மூழ்கி காஸி. ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் டயப்லோ என்ற பெயரில் இருந்தது. விக்ராந்த் அந்தமானில் பத்திரமாக ஒதுங்கி நிற்க, ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பல் தான்தான் விக்ராந்த் என்பதுபோல் வானொலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. அதை நம்பி விசாகப்பட்டினத்தைச் சுற்றிய காஸி, டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டித் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது.

"புரிஞ்சுக்கோங்க. முக்கியமான கப்பலைக் காப்பாத்தணும்னா, முக்கியமில்லாத கப்பல் நிறையப் பேசணும்" என்று பெரியப்பா முடிப்பார். யாரும் கவனித்ததாகத் தெரியாது. எதிர் சீட்டில் அத்தை புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

விசாகப்பட்டினத்தில் இறங்கியதும் முதல் தரிசனம், கடற்கரையில் நிற்கும் பழைய கான்கிரீட் காவல் அரண். உலகப் போர்க் காலத்தது. 1942 ஏப்ரல் 6-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரில் குண்டு வீசின. அடுத்து தரைப்படையே வந்து இறங்கிவிடும் என்று பயந்தார்கள். அதே மாதம் சென்னையே பாதி காலியானது. "உள்ள என்ன பெரியப்பா இருக்கு?" என்று பொடிசு கேட்கும். "ஒண்ணும் இல்லடா. அவன் வந்து இறங்கவே இல்லையே! அதுதான் விசேஷம்." நடக்காத சம்பவத்தின் முன்னால் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொள்ளும்.

குர்சுரா அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது இவருக்குத் தெரியாமலிருக்குமா? செவ்வாயன்றே அழைத்துப் போவார். சோவியத் நாட்டில் கட்டி, 1969-ல் சேவைக்கு வந்து, 31 ஆண்டுகள் உழைத்த கப்பல். 2002 முதல் மணலில் ஓய்வாக நிற்கிறது. உள்ளே பிரிவுக்குப் பிரிவு வட்டமான துவாரம். குனிந்து, ஒரு காலை முதலில் விட்டுத்தான் நுழைய வேண்டும். பெரியப்பாவின் வயிறு அங்கே சற்று நேரம் போக்குவரத்தை நிறுத்தும். சுற்றிக்காட்டுபவர் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நீர்மூழ்கி எப்படி மூழ்குகிறது என்பதைப் பெரியப்பா அவருக்குப் புரியும்படி விளக்குவார். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஆழத்தில் பழகிய மனிதர். பெரியம்மாவுக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுதான், சமையலறை. "இந்த இடுக்குலயா அத்தனை பேருக்கு ஆக்கினாங்க? அவங்களுக்குல்ல பதக்கம் குடுக்கணும்!" அன்றைக்குச் சொல்லப்பட்டதில் ஆகச் சிறந்த ராணுவ விமர்சனம் அதுதான்.

அதே சாலையில் கடல் வெற்றி நினைவுச்சின்னம் இருக்கிறது, 1996-ல் எழுப்பியது. அங்கே மட்டும் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. "காஸிக்குள்ள 90 பேருக்கு மேல இருந்தாங்க. ஒருத்தரும் பிழைக்கல. அவங்களுக்கும் வீட்ல பிள்ளைங்க இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார். இவரை ஒரேயடியாகக் கேலி செய்ய முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

அந்த மௌனத்தைக் கலைப்பவன் கல்லூரியில் படிக்கும் தம்பி மகன். "பெரியப்பா, ராஜ்புத் போட்ட குண்டாலதான் காஸி மூழ்கிச்சா? உள்ளேயே ஏதோ வெடிச்சிருக்கும்னு பாகிஸ்தான்ல சொல்றாங்களே?"

பெரியப்பாவின் முகம் மலரும். இத்தனை வருடத்தில் குடும்பத்திலிருந்து வந்த முதல் கேள்வி! நிழலாகப் பார்த்து அவனை உட்காரவைத்து, நம் தரப்பு வாதம், அவர்கள் தரப்பு வாதம், கடலடியில் கிடக்கும் சிதைவு என்று வரிசையாக ஆரம்பிப்பார். பையன் சளைக்காமல் அடுத்த கேள்வியைப் போடுவான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தலை எண்ணினால் இரண்டுதான் தேறும். மற்ற ஒன்பது பேரும் கடலில், கணுக்கால் அளவுத் தண்ணீரில். ஓர் அலை கணக்கை மீறியதில் பெரியம்மாவின் சேலை முழங்கால்வரை நனைந்திருக்கும். அத்தை கையில் மிளகாய் பஜ்ஜி. பெரியப்பா தம்பி மகனைப் பார்ப்பார். அவன் நினைவுச்சின்னத்தைப் பார்ப்பான்.

"யாருடைய திட்டம் இது?"

"நீங்க சொன்ன கதைதான் அண்ணே" என்பார் அத்தை, பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்தாமல்.

கோபம் வர வேண்டும், வராது. தன் பாடத்தை இவ்வளவு கச்சிதமாகச் செயல்படுத்திய மாணவர்கள் எந்த வாத்தியாருக்குக் கிடைப்பார்கள்? பையிலிருந்து துண்டுகளை எடுத்து நீட்டுவார். நிரலில் கடலுக்குப் 'பார்க்க மட்டும்' என்று போட்டவர், தலைக்கு ஒன்றாகத் துண்டும் எடுத்து வந்திருப்பார். "ராணுவத்துல எப்பவும் மாற்று ஏற்பாடு உண்டு."

துவட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறிவிப்பு வரும். "வர்ற வருஷம் அந்தமான். விக்ராந்த் ஒதுங்கி நின்ன இடம்."

ஒருவரும் மறுக்க மாட்டார்கள். அங்கே ராஜ்புத்தாக யார் போவது என்று சீட்டுக் குலுக்குவது மட்டும்தான் பாக்கி.