மருமகனே, பள்ளிக்கூடம் போறியாமே!

என்ன மருமகனே, சலவைச் சட்டையெல்லாம் கொடியில ஆடுது? வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல பெத்தவுகளக் கூப்பிட்டிருக்காகன்னு கேள்விப்பட்டேன். இத்தனை வருசமா நீ அந்த வாசப்படிய ஓட்டுப் போடத்தான் மிதிச்சிருக்க. அதான் மாமன் கொஞ்சம் புத்தி சொல்லலாம்னு வந்தேன். பிடிச்சாக் கேளு, பிடிக்காட்டி வெத்தல பாக்கக் குடுத்து அனுப்பி விட்ரு.

போய் உக்காந்ததும், ‘கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க டீச்சர்’னு வாயத் தொறந்துராத. 2009-ல போட்ட கல்வி உரிமைச் சட்டத்துல, 17-ஆம் பிரிவுல பிள்ளைய அடிக்கவும் கூடாது, மனசு நோக வைக்கவும் கூடாதுன்னு இருக்கு. நீ பெரிய மனுசனாட்டம் உத்தரவு குடுத்துட்டு வந்துருவ. அந்தம்மா வேலைக்குல்லா உலை! ஒங்கப்பனும் இப்படித்தான் சொல்லிட்டு வந்தான். உரிச்சும் பாத்தாக. என்னத்தக் கண்டோம்?

ஆமா, ஒம் மவன் எத்தனாப்பு? அங்கயும் இங்கயும் முழிக்காத, மூணாப்பு. அவன் டீச்சர் பேரு என்ன? அதுவும் தெரியாதா? எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில ஒரு ஆடு பிடிக்கப் போனா, நீ பல்லப் பாக்க, வயித்தத் தடவுத, முதுகெலும்ப அமுக்குத, நாலு எட்டு நடக்க விட்டும் பாத்துக்கிடுத. பெத்த பய நோட்ட ஒருநாளாச்சும் பெரட்டியிருக்கியா? காலச் சாப்பாடும் அங்க, மத்தியானச் சாப்பாடும் அங்க. நீ சோலி முடிஞ்சு வரையில அவன் உறங்கிருதான். ‘வீட்டுல எப்படிப் படிக்கான்?’னு டீச்சர் கேட்டா என்ன சொல்லப்போற? அதனால இன்னைக்கு ராத்திரி நோட்டத் தொற. கழித்தல் கணக்குல கடன் வாங்குத இடத்துல தடுக்குதானா, ‘ர’வையும் ‘ற’வையும் மாத்தி எழுதுதானான்னு பாரு. அவன்கிட்டயும் பையக் கேளு, யாரு பக்கத்துல உக்காருத, கரும்பலகை தெரியுதான்னு. கண்ணு தெரியாமலே எத்தனையோ பேரு மக்குன்னு பேரு வாங்கிட்டுப் போயிருக்கான்.

‘பாஸாயிருவானா?’ன்னு மட்டும் கேட்டுராத. நம்ம மாநிலத்துல எட்டாப்பு வரைக்கும் ஃபெயிலே கிடையாது. ‘பாஸுதான்’னு சொல்லிருவாக, நீயும் சந்தோசமா வழியில சேவு வாங்கித் தின்னுட்டு வந்துருவ. 2022-ல எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் வந்ததுல இருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகள அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு வச்சுப் பாடம் நடத்துதாக. அரும்புன்னு சொன்னதும் பூ யாவாரம்னு நெனச்சுக் கிலோ என்ன வெலன்னு கேக்காத. தமிழுல மலரா இருக்கவன் கணக்குல அரும்பா இருப்பான். எதுல எங்க நிக்கான், அடுத்த படிக்குப் போக வீட்டுல நாம என்ன செய்யணும்னு கேளு. அது போதும். எதுத்த வீட்டுப் பய எதுல நிக்கான்னு வெசாரிக்காத. அதுக்கு அவங்கப்பன் வருவான்.

ஊர்க்கதையும் வேண்டாம். 60 பிள்ளைக வரைக்கும் 2 வாத்தியாருதான்னு சட்டக் கணக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு வகுப்பையும் ஒத்த ஆளா மேச்சுட்டு உக்காந்திருக்க அம்மாகிட்ட ஒன் வாய்க்கா வரப்புத் தகராறச் சொல்லி அழாத. செல்போன அமத்திப் பையில போடு.

இன்னொண்ணு. பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுல முக்கா வாசிப் பேரு பெத்தவுகளா இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேரு பொம்பளையாளா இருக்கணும். இதுவும் அதே சட்டந்தான். நீ என்ன செய்வ? ஒம் பொஞ்சாதி பேரக் குடுத்துட்டுக் கூட்டத்துக்கு நீ போய் மீசைய முறுக்குவ. அவ போகட்டும். கக்கூசுல தண்ணி வருதா, கூரை ஒழுகுதான்னு ஒனக்கு முந்தி அவளுக்குத் தெரியும். தீர்மான நோட்ட நீட்டுனா, எழுதியிருக்கத வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லு. வெத்துத் தாளுல கையெழுத்துப் போட்டே நம்மூருல பாதி நெலம் போயிருச்சு.

சரி, கூட்டம் மூணு மணிக்கு. ரெண்டு பேருமே போங்க. அவ பேசட்டும், நீ கேட்டுக்கிட்டு இரு.