முதலாமாண்டு அங்கிள்

ஈப்போவில் இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு மூக்குக் கண்ணாடி. லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியில் ஒரு தடித்த கோப்பு உட்கார்ந்திருக்கும். "என்னண்ணே, கோர்ட்டு கேஸா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்ல தம்பி, அசைன்மென்ட்" என்பார். சொல்லிவிட்டு, நீங்கள் சிரிக்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவராக இருப்பார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், புகுமுக வகுப்பில் ஒரு வருடம், பிறகு மூன்றாம் படிவம். எஸ்ஆர்பி எழுதினார். அந்தப் பரீட்சையே 1992-ஓடு ஒழிந்துபோனது. அதற்கும் முன்பே இவருடைய படிப்பு ஒழிந்துவிட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயம் காலியானது, குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. தொழிற்சாலையில் முப்பது வருடமாக இருக்கிறார். இவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் ஒருவன் டிகிரியோடு திரும்பி வந்து மேனேஜராகி, இவருக்கே அந்த மெஷினை விளக்கினான். அன்று இரவு அங்கிள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுவாரம் ஏபெல் பாரம் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஏபெல் என்பது முன் அனுபவத்தைப் படிப்பாக மதிக்கும் ஏற்பாடு. எம்கியூஏ எனும் மலேசியத் தகுதி முகமையின் திட்டம். எஸ்டிபிஎம் இல்லாவிட்டாலும் 21 வயதைக் கடந்து, தகுந்த வேலை அனுபவமும் இருந்தால், தேர்வெழுதி டிகிரிக்குள் நுழையலாம். மாஸ்டர்ஸ் என்றால் 30 வயது. நல்ல திட்டம்தான். ஆனால் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். இங்கேதான் அங்கிளின் முதல் கண்டம்.

மகள் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள்.

"அப்பா, முதல்லேர்ந்து என்னென்ன வேலை செஞ்சீங்க, சொல்லுங்க."

"அஞ்சாம் வகுப்புல ஆத்தாகூட நெரைக்குப் போய் மங்கு தொடைச்சேன். கட்டிப்பால் பொறுக்கினேன்."

"அதுக்கு லெட்டர் இருக்கா?"

"கட்டிப்பாலுக்கு யாரும்மா லெட்டர் குடுப்பா?"

சாட்சி சொல்ல வேண்டிய கங்காணி செத்து இருபது வருடமாகிறது. கிராணி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தாமான். உள்ளே போக வேண்டுமானால் காவல் கொட்டகையில் பெயரும் ஐசி நம்பரும் எழுத வேண்டும். கடைசியில் இடது கட்டைவிரலில் இருந்த உளித் தழும்பை நீட்டினார். அதைப் படமெடுத்து இணைக்க மகள் மறுத்துவிட்டாள். போர்க்லிப்ட் லைசென்ஸும், பிஸ்கட் டின்னுக்குள் பிறப்புப் பத்திரத்தோடு கிடந்த பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்களும்தான் மானத்தைக் காப்பாற்றின.

பணக் கவலை இரண்டாவது. ஊழியர் சேமநிதியில் படிப்புக்கென்று எடுக்கலாம். நாமெல்லாம் இன்னமும் இரண்டாவது கணக்கு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோமே, 2024-இல் செஜாத்ரா என்று பெயர் மாறிய கணக்கு, அதிலிருந்துதான். பிள்ளைகள் படிப்புக்கும் அதே கணக்குதான் என்பதால் அப்பாவும் மகளும் ஒரே உண்டியலுக்குப் போட்டியாளர்கள் ஆகிவிட்டார்கள். இதில் மூன்றாவது கட்சி மனைவி. "அந்தக் காசுல பின்னாடி அடுப்படிக்குக் கூரை போட்டிருக்கலாம்." மழை பெய்யும்போதெல்லாம் இதைச் சொல்வார். ஈப்போவில் மழைக்குப் பஞ்சமில்லை.

மற்ற பயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம்: பாஸ்வர்டு, பவர்பாயின்ட், வாட்ஸ்அப் குழுவில் சின்னப் பையன்களின் சுருக்கெழுத்து மலாய். பெரிய பயம், வகுப்பில் தான்தான் கிழவனாக இருப்போமோ என்பது. யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார். "1969-லேயே இங்கிலாந்துல திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்துடுச்சு. நம்ம மலேசியாவுல 2000-த்துல வந்துச்சு. வேலை செய்றவங்களுக்காகத்தான் கட்டினாங்க." அழகான பதில். சனிக்கிழமை வகுப்புக்குப் போனால் வலப்பக்கம் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், இடப்பக்கம் மூன்று பேரப்பிள்ளைகளின் பாட்டி. யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கிளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பதிலை ஒட்டுக்கடையில், கேட்காத ஆட்களுக்கெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொண்டார்.

அவருக்கும் ஒரு பொன்னான நாள் வந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தொரைமார் சுடப்பட்டதும், அதன்பின் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பாடத்தில் வந்தது. "எல்பில் தோட்டம்" என்று இளம் விரிவுரையாளர் சொன்னதும் அங்கிள் கை தூக்கினார். தாத்தா அங்கே பிரட்டுக்கு நின்றவர். ஊரடங்கு, கம்பி வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு என்று ஒரு மணி நேரம் பேசினார். வகுப்பே வாய்பிளந்து கேட்டது. அதையே அசைன்மென்டில் எழுதினார். மேற்கோள் எங்கே என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது. திருத்தி அனுப்பியபோது பட்டியலின் கடைசியில் முறைப்படி சேர்த்திருந்தார்: தாத்தா (ஆண்டு இல்லை).

ஆன்ட்டிகள் வேறு ரகம். பெரும்பாலும் பாலர் பள்ளி ஆசிரியைகள். குறைந்தது டிப்ளோமாவாவது வேண்டும் என்று 2013-2025 கல்விப் பெருந்திட்டம் சொன்ன பிறகு புத்தகத்தைத் திறந்தவர்கள். நாலு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவார்கள், பின்வரிசையில் உட்காருவார்கள், யாரிடமும் எதையும் பறைசாற்ற மாட்டார்கள், அங்கிளைவிட அதிக மதிப்பெண் வாங்குவார்கள். இவர்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத என்னால் முடியவில்லை.

எதற்காகப் படிக்கிறார்? மனைவியிடம் பதவி உயர்வு என்பார், சேக்காளிகளிடம் சம்பள உயர்வு என்பார். இரண்டையும் நான் நம்பவில்லை. அவர் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்திருக்கிறேன். முருகன் காலண்டர், அப்பா ஆத்தா படம், அடுத்து மகள் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கும் படம். அது பாலர் பள்ளியில் எடுத்தது. ஆறு வயது, முன்பல் இரண்டு இல்லை. அந்தக் குடும்பத்தில் அங்கி போட்ட முதல் ஆள் அவள்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்று ஆணி. முதல் பருவக் கட்டணம் கட்டிய அன்றே அடித்துவிட்டாராம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். இந்த வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள், 1969-இலிருந்து ஆரம்பிப்பார். முடிந்தால் ஓர் உதவி செய்யுங்கள். கோயில் கமிட்டிக் கூட்டத்தைச் சனிக்கிழமையில் வைக்காதீர்கள். அன்றைக்கு அவருக்கு வகுப்பு.