தெரிந்தவர்க்குப் போர்வை விற்றல்: ஓர் ஆய்வு

நாற்பது டிகிரி வெயிலடிக்கும் ஊரில் போர்வைக்கு என்ன வேலை என்பார் உளர். அவர் பர் துபாயில் ஆறு பேர் தங்கும் அறையில், ஏசிக்கு நேர் கீழே கட்டில் வாய்க்கப் பெறாதவர் என்க. ஜூலை மாதம் இங்கே நள்ளிரவில் பல் கிட்டும்.

இனி விலை. ஊரிலிருந்து வந்த பழைய நூல் புடவைகளை அடுக்கி, மேலே மீனா பஜார் கட்பீஸ்களை வைத்துக் கையால் ஓட்டுத் தையல் போடுவதாகக் கொள்வோம். அகலம் 60 அங்குலம், நீளம் 90. அரை அங்குலத்துக்கு ஒரு வரிசை, அங்குலத்துக்கு 6 தையல் என்றால் மொத்தம் 64,800. தையலுக்கு 3 விநாடி வீதம் 54 மணி நேரம். மணிக்கு வெறும் 10 திர்ஹம் போட்டாலும் 540. துணி, நூல், கழுத்துவலி இதில் சேரா.

இத்தொகையைக் கேட்ட தெரிந்தவர் முதலில் அதை ரூபாயாகப் பெருக்குவார். பிறகு, "அக்கா, இந்தக் காசுக்கு ஆஃபர்ல ரெண்டு கம்ஃபர்ட்டர் வாங்கிடலாமே" என்பார். தெரியாதவரும் இதையேதான் நினைப்பார். ஆனால் பேசாமல் போய்விடுவார், மறுநாள் லிஃப்டில் எதிர்ப்படவும் மாட்டார்.

வரி குறித்து ஒரு சொல். அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. ஆண்டு விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அதற்கு 695 போர்வை விற்க வேண்டும். தைக்க 37,530 மணி நேரம். ஓராண்டுக்கு இருப்பதோ 8,760. ஆகவே வரிக்கு அஞ்ச வேண்டா. உரிமமின்றி வியாபாரம் செய்வது குற்றம் என்பதற்கு அஞ்சினால் போதும்.

இவ்வளவு சிக்கலும் திர்ஹத்தில் விலை சொல்வதால் வந்தது என்பது எம் துணிபு. தெரிந்தவர்களுக்கிடையே இங்கு உண்மையில் புழங்கும் நாணயம் வேறு: லக்கேஜ் கிலோ. 540 கேட்கக் கூசும் அதே அக்கா, "தம்பி, உங்க பெட்டியில ஒரு நாலு கிலோ இடம் இருக்குமா? அம்மாவுக்கு மாத்திரை, பிள்ளைக்குப் பால் பவுடர், வேற ஒண்ணுமில்ல" என்று கூசாமல் கேட்பார். தம்பியும் தன் 30 கிலோவில் அதைத் திணித்துக்கொள்வார். இந்த நாணயத்துக்குப் பேரமில்லை, ரூபாய்ப் பெருக்கலும் இல்லை. தீபாவளி, ரம்ஜானுக்கு முன் மதிப்பு ஏறும்; அது எந்த நாணயத்துக்கும் இயல்பே. எனவே போர்வை ஒன்றுக்கு நாலு கிலோ என நிர்ணயிக்கலாம்.

ஈராண்டுக்கு ஒருமுறை மட்டுமே விடுப்புக் கிடைக்கும் தம்பி எவ்வாறு வாங்குவார் எனின், கடனாக வாங்குவார். அவர் ஊருக்குப் போகும் தேதி அவருக்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிடும்.